அழுக்கோடு அனுப்புங்கள்

பிப்ரவரி 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

என் அக்கா கொண்டுவரும் பையில் இந்தத் தடவை கடையில் வாங்குகிற டயப்பர் இருக்காது. தேட வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் சமாச்சாரத்தைப் போட்டுப் போட்டுத் தொடை இடுக்கெல்லாம் சிவந்து கிடக்கிறது. பத்து மாதக் குழந்தை, வாய் திறந்து சொல்லத் தெரியாமல் நெளிகிறாள். அதனால் துணி டயப்பருக்கு மாறிவிட்டோம். மாறிவிட்டோம் என்றால் நானும் அவளும். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை உங்களிடம் இருக்கிறாளே, அந்த இரண்டு நாளில் எல்லாம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பையில் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். வெளியே தண்ணீர் கசியாத உறை. உள்ளே தலையணை உறை மாதிரி ஒரு வாய் இருக்கும், அதற்குள் உள்துணியை மடித்துச் செருக வேண்டும். பகலில் ஒன்று, ராத்திரிக்கு இரண்டு. முன்பக்கம் மூன்று வரிசைப் பொத்தான் இருக்கிறது, அவளுக்கு இப்போது நடு வரிசை. இடுப்பில் உங்கள் விரல் இரண்டு நுழைய வேண்டும். தொடையில் ஒன்றுகூட நுழையக் கூடாது, நுழைந்தால் ஒழுகும். புதுப் பருத்தி எடுத்த எடுப்பில் ஈரத்தை இழுக்காது என்பதால் நான்கைந்து தடவை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அவளுக்குக் கட்டினேன். நனைந்ததை ஜிப் வைத்த சின்னப் பையில் போட்டுவையுங்கள்.

நாம் நேரில் பேசினால் அது சண்டையில்தான் போய் நிற்கிறது. இனிமேல் சொல்ல வேண்டியதை எழுதிப் பெரிய பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அக்காவிடம் வாயால் எதையும் சொல்லி அனுப்பாதீர்கள். அவள் வாயில் புகுந்து வரும்போது அது இரண்டு மடங்காகிவிடுகிறது.

பாப்பாவின் அம்மா

*

பிப்ரவரி 5

பாப்பாவின் அம்மாவுக்கு,

மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் இப்போது ஜிப்புக்குள் கடிதம் வைத்து விளையாடுகிறோம். நல்லதுதான். இப்படியாவது நீ சொல்வதை நடுவில் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்கிறேன்.

பதினொரு வருடமாக ஹோட்டல் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவன் நான். எனக்கே துணிப் பாடம் எடுக்கிறாயே, உன் தைரியமே தைரியம்.

கோமணத்துக்குப் பொத்தான் வைத்து அதற்கு ஒரு பையும் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. உன் இரண்டு விரல் கணக்கு சரிதான், ஆனால் நம் சுண்டெலிப் பாப்பா அதுவரை மல்லாந்து படுத்திருந்தால்தானே? ஒரு பக்கப் பொத்தானைப் போட்டு மறுபக்கம் வருவதற்குள் புரண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். டயப்பர் ஒரு காலில் தொங்குகிறது, நான் தரையில் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வெள்ளி ராத்திரி உள்துணி கோணலாகப் போய் ஒரு தடவை ஒழுகியது. சனிக்கிழமையிலிருந்து ஒழுகவில்லை. கை பழகிவிட்டது.

எல்லாவற்றையும் துவைத்து அனுப்பியிருக்கிறேன். விருந்தாளிகளின் துண்டுக்குப் போடுகிற மென்மைத் திரவத்தை விட்டு அலசினேன். தொட்டுப் பார். இஸ்திரியும் போட்டு அடுக்கியிருக்கிறேன். உன் மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்குவாயே, அந்த நேர்த்திக்கு ஒரு மாற்றும் குறையாது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வாசலில் வந்து நிற்கும்போது சுண்டெலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தருவது என் வேலையாக இருக்கிறது. உன் குறிப்பில் அது இல்லை.

அப்பா

*

பிப்ரவரி 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

டயப்பருக்கு இஸ்திரி போட்டிருக்கிறீர்கள். அக்கா சிரித்த சிரிப்பில் பாப்பா மிரண்டு அழுதுவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறையின் உள்பக்கம் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். சூடு பட்டுச் சுருங்கி உரிந்துவிட்டது. நான்கு உறைகள் குப்பைக்குப் போயின.

மீதி இருப்பவையும் ஒழுகின. திங்கட்கிழமை காலையில் மட்டும் மூன்று தடவை விரிப்பு மாற்றினேன். வேலைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்னதான் ஆச்சு என்று அக்கா ஒரு உள்துணியை விரித்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை, அப்படியே உருண்டு தரைக்கு வந்துவிட்டது. உங்கள் மென்மைத் திரவம் நூல் முழுக்க மெழுகு மாதிரி பூசிக்கொண்டிருக்கிறது. தொட்டால் மென்மைதான். ஆனால் ஈரம் எல்லாம் குழந்தையின் தோலிலேயே நிற்கிறது.

இனிமேல் நீங்கள் துவைக்க வேண்டாம். அழுக்கோடு அனுப்புங்கள். நான் வெந்நீரில் துவைத்து, கடைசி அலசலில் எங்கள் கடைக் கிருமிநாசினியை இரண்டு மூடி விட்டு எடுக்கிறேன். ஒரு தடவைகூட அதைத் தவறவிட்டதில்லை. நான் வாசனைக்காகத் துவைப்பதில்லை, சுத்தத்துக்காகத் துவைக்கிறேன்.

துணிப் பாடம் உங்களுக்கா என்று கேட்டிருந்தீர்கள். அவள் பிறந்து மூன்று மாதம் வீட்டில் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்ததே, அதைத் துவைத்தது யார்? வயிற்றில் போட்ட தையல் ஆறாமல் குனிந்து குனிந்து துவைத்தேன். "நாள் முழுக்கத் துணியோடதான் மாரடிக்கறேன், வீட்டுக்கு வந்தும் அதேவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தீர்கள். தூக்கம் இல்லை, தலை சுற்றுகிறது, குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னேன். "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே" என்றீர்கள். அன்றைக்கு நான் சொன்னதை நம்பியிருந்தால் இன்றைக்கு இந்தப் பையும் ஜிப்பும் தேவைப்பட்டிருக்காது. இப்போது இஸ்திரி போட்டு அனுப்புகிறீர்கள். யார் பார்ப்பதற்கு?

பாப்பாவின் அம்மா

*

பிப்ரவரி 12

பாப்பாவின் அம்மாவுக்கு,

தண்ணீர் ஊற்றி நானும் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். கை தன் பாட்டுக்கு அந்த டப்பாவை எடுத்து ஊற்றிவிட்டது. துண்டு ஈரத்தைத் துடைக்கவே மாட்டேன் என்கிறது என்று விருந்தாளிகள் வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஏன் என்று இப்போதுதான் உறைத்தது. இந்த வாரம் வந்த உள்துணிகளைக் கொதிக்கிற நீரில் ஊறவைத்து, நுரை வருவது நிற்கும்வரை அலசியிருக்கிறேன். ஊற்றிப் பார், இழுக்கும். அந்தத் திரவம் இனிமேல் அவள் துணிப் பக்கம் வராது.

பழையதைப் பற்றி எழுதியிருந்தாய். நான் அப்படிச் சொன்னேன்தான், இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் அதைத் தோண்டி எடுத்து என் முன்னால் வைத்தால் நான் என்ன பதில் எழுதுவது?

அழுக்கோடு மட்டும் அனுப்ப மாட்டேன். அவள் சாப்பாட்டை நீ டப்பாவில் போட்டு அனுப்புகிறாய். மருந்தை நேரம் எழுதி அனுப்புகிறாய். உடுப்பு நீ வாங்குகிறாய், தூங்கும் நேரத்தை நீ முடிவு செய்கிறாய். அப்பன் என்று எனக்கு மிச்சம் இருப்பது அவளுக்குத் துணி மாற்றுவதும் அதைத் துவைப்பதும்தான். அதையும் கேட்காதே.

நேற்று பெரிய இயந்திரம் நின்றுவிட்டது என்று வேலைக்குக் கூப்பிட்டார்கள். சுண்டெலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். உலர்த்தி எடுத்த துண்டுகள் கதகதவென்று குவிந்து கிடந்தன, அதன் மேல் படுத்து அரை நாள் தூங்கினாள். மடிப்பு மேசைப் பெண்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எழுந்ததும் அந்த மேசையிலேயே துணி மாற்றினேன். "என்ன வேகம் பாரு, கம்பளிப் போர்வை மடிக்கற மாதிரி மடிக்கறாரு" என்று ஒருத்தி சொன்னாள். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன்.

அப்பா

*

பிப்ரவரி 23

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாளைக்கு அக்கா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வர மாட்டாள். இந்தக் கடிதத்தை மட்டும் கொண்டுவந்து தருவாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்களிடமிருந்து வந்தபோதே சிவப்பாக இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து தோல் உரிந்து சதை தெரிகிறது. ஈரம் பட்டால் அவள் போடும் கூச்சலைக் கேட்டுக் கீழ் வீட்டிலிருந்து என்ன ஆச்சு என்று வருகிறார்கள். தூக்கினால் அழுகிறாள், உட்காரவைத்தால் அழுகிறாள். இந்தக் கூச்சலை நீங்கள் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

இது ஆறும்வரை அவள் இங்கேயே இருப்பாள். குழந்தை நல அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணைத் தேதி மார்ச் 16. மென்மைத் திரவம் போட்டது பற்றியும், சலவைக்கூடத்தில் ரசாயனத்துக்கும் அழுக்குத் துணிக்கும் நடுவில் அவளைப் படுக்கவைத்தது பற்றியும் நீங்களே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு கடிதங்களையும் மனுவோடு சேர்த்துவிட்டேன்.

அழுக்கோடு அனுப்புங்கள் என்றுதான் கேட்டேன். அதைக்கூட உங்களால் கேட்க முடியவில்லை.

பாப்பாவின் அம்மா

*

மார்ச் 5

பாப்பாவின் அம்மாவுக்கு,

பை வராததால் தபாலில் அனுப்புகிறேன்.

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். நீ கடையில் இருந்தாய். உன் அக்கா கதவைப் பாதி திறந்து, "தம்பி, வந்த வழியே போயிடுங்க, அவளுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கடிச்சுக் குதறுவா" என்றார்கள். உள்ளே சுண்டெலி அழுதுகொண்டிருந்தாள். அவள் பசிக்கு அழுவது எனக்குத் தெரியும், தூக்கத்துக்கு அழுவது தெரியும். இது இரண்டும் இல்லை. படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

என் மேல் சந்தேகமே வேண்டாம் என்று என் வீட்டு இயந்திரத்தின் சோப்புத் தட்டைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன். குழாயையும் மாற்றினேன். அந்தத் திரவ வாடை என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் என்று ஹோட்டலிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அதில் கொஞ்சம் எங்கேயாவது தங்கியிருந்து அவளைப் புண்ணாக்கியதோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நான் செய்ததாகவே இருக்கட்டும். வேண்டும் என்று செய்வேனா?

நான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அலுவலரிடம் கொடுத்திருக்கிறாய். தப்பு என்னுடையது என்று உன்னிடம் ஒப்புக்கொண்டேன், ஊருக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் எதையும் ஒத்துக்கொள்வதே இல்லை என்பதுதான் உன் குறை. முதல் தடவையாக ஒத்துக்கொண்டேன், அதற்கு இது கூலி.

சனிக்கிழமைகளில் எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அவளைக் கொடுக்க வேண்டாம். வாசலில் வைத்து ஒரு நிமிஷம் காட்டினால் போதும்.

அப்பா

*

மார்ச் 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

16ஆம் தேதி அலுவலர் அம்மா படித்துக் காட்டியதை நீங்களும் கேட்டீர்கள். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில், ஒரு மணி நேரம். அக்கா கூட்டிக்கொண்டு வந்து வெளியே காத்திருப்பாள். துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது, மருந்து தடவுவது எதையும் நீங்கள் செய்யக் கூடாது, அங்கே இருக்கும் ஆயா செய்வார். முதல் சனிக்கிழமை 25.

அன்று அந்த அறையில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

புண் ஆறிக்கொண்டு வருகிறது, கவலைப்பட வேண்டாம். இந்த மாதம் முழுக்கப் புதுசு புதுசாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது. போன வாரக் கடைசியில்தான் அடங்கியது. இப்போது மறுபடியும் உட்கார்ந்து விளையாடுகிறாள்.

பாப்பாவின் அம்மா

*

மார்ச் 26

பாப்பாவின் அம்மாவுக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன், உன் அக்கா வெளியே இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது.

சின்ன அறை. சுவரில் கரடிப் படம் ஒட்டியிருக்கிறது, இரண்டு நாற்காலி, ஒரு பாய். மூலையில் ஆயா உட்கார்ந்திருக்கிறார். சுண்டெலி என்னைப் பார்த்ததும் வரவில்லை. ஐந்து வாரத்தில் மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்தாள். ஆமாம், நிற்கிறாள். நீ அதை எழுதவில்லை. அப்புறம் தவழ்ந்து வந்து என் சட்டையில் கை வைத்தாள். மீதி நேரம் முழுக்க மடியிலேயே இருந்தாள்.

ராத்திரி உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். இந்த மாதம் முழுக்கப் புதுசு புதுசாகக் கிளம்பியது என்று எழுதியிருக்கிறாய். நேற்றுக்கு முன்னால் நான் அவளைக் கடைசியாகத் தூக்கியது பிப்ரவரி 19. நான் துவைத்த துணி கடைசியாக அவள் மேல் பட்டதும் அந்த வாரம்தான். அப்படியிருக்க மார்ச்சில் எப்படிப் புதுப் புண் வந்தது? நான் இங்கே இயந்திரத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு இருந்தபோது அங்கே அவளுக்குத் தோல் உரிந்துகொண்டு இருந்தது என்றால், அது என் திரவத்தால் இல்லை.

போன வாரக் கடைசியில் அடங்கியது என்கிறாய். எதை நிறுத்தினாய்?

சுற்றி வளைக்காமல் சொல்.

அப்பா

*

ஏப்ரல் 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

கிருமிநாசினியை நிறுத்தினேன். மார்ச் 14 அன்று அவளைத் தோல் டாக்டரிடம் காட்டினேன். எதில் துவைக்கிறீர்கள் என்று கேட்டார். கடைசி அலசலில் இரண்டு மூடி விடுகிறேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன். புண் வந்த பிறகு மூன்று மூடியாக்கினேன் என்றும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மருந்துக் கடையில வேலை பாக்கறீங்க, இது கூடவா தெரியாது? தரை துடைக்கற மருந்தைக் குழந்தை மேல கட்டிவிட்டிருக்கீங்க" என்றார். பக்கத்தில் இன்னும் இரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் அலசினேன். அந்த வாரமே ஆறத் தொடங்கியது.

ஆமாம், அலுவலர் முன்னால் உட்கார்ந்தபோது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னது சரியா என்று இன்னும் உறுதியாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உள்ளுக்குள் தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்த அம்மா என் பேச்சை முழுசாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். நான் தூங்காமல் இருந்ததை, தனியாகத் துவைத்ததை, பயந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவு நாள் எப்படிம்மா தாங்கினே?" என்றார். மூன்று வருடத்தில் ஒரு தடவை நீங்கள் அப்படிக் கேட்டிருந்தால் போதும். நான் சொல்வதை நம்புகிற ஒரு ஆள் கிடைத்தபோது, கடைசி வரியில், "ஆனால் புண் என்னாலதான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் பார்க்கவில்லை.

இப்போது போய்ச் சொல்லச் சொல்வீர்கள். என்னால் முடியாது. பொய் சொன்னவள் என்று எழுதுவார்கள். பெற்ற பிள்ளைக்குப் புண் வரவைத்துவிட்டு அப்பன் மேல் பழி போட்டவள் என்று எழுதுவார்கள். அவளை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் நான் என்ன ஆவேன்? உங்களுக்கு ஒரு மணி நேரமாவது இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். உங்கள் கடிதங்களை நான் என்ன செய்தேனோ அதைத்தான் நீங்களும் செய்வீர்கள்.

பாப்பாவின் அம்மா

*

ஏப்ரல் 23

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் இரண்டு வாரம் என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு தடவை அலுவலகப் படி வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் தடவை கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை திறந்திருந்தது.

நேற்று அங்கே என்ன நடந்தது என்று கேட்டுக்கொள். பத்து நிமிஷத்திலேயே அவளுக்கு நனைந்துவிட்டது. என் தொடை வரைக்கும் ஈரம் இறங்கியது. ஆயாவைக் கூப்பிட்டேன், அவர் தொலைபேசியில் இருந்தார், கையைக் காட்டி இருக்கச் சொன்னார். பை என் காலடியில் இருக்கிறது. உள்ளே நீ மடித்து வைத்த டயப்பர் தெரிகிறது. என் கை அதன் மேல் போய்விட்டது. "சார், நீங்க தொடக் கூடாது, எழுதியிருக்கு" என்றார் ஆயா. நான் கையை எடுத்துவிட்டேன். அப்புறம் அவர் வந்து மாற்றினார். உள்துணியை உறைக்குள் செருகாமல் முதுகுப் பக்கம் மடித்து வைத்தார், பொத்தானை முதல் வரிசையில் போட்டார், தொடையில் மூன்று விரல் நுழையும். சொன்னால் அதையும் எழுதுவார்கள். அவள் படுத்துக்கொண்டு தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள், ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிற மாதிரி. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கரடிப் படத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் நேராக அலுவலர் அம்மா அறைக்குத்தான் போனேன். கடிதம் கையில் இருந்தது. கொடுத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. என்ன எழுதுவார்கள் என்று யோசித்தேன். அப்பாவும் சரியில்லை, அம்மாவும் சரியில்லை என்று எழுதுவார்கள். பிறகு அந்தக் கரடி அறையில் எனக்கு ஒரு நாற்காலி, உனக்கு ஒரு நாற்காலி. நடுவில் பாயில் அவள். திரும்பி வந்துவிட்டேன்.

இதை நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. உன் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உனக்குப் புண்ணின் காரணம் தெரிந்த அன்றைக்கு, நான்தான் செய்தேன் என்று நினைத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அது உனக்குத் தெரியும், எழுதியிருந்தேன். அதைப் படித்த பிறகும் நீ அங்கே போய் உட்கார்ந்து சொல்லாமல் வந்தாய்.

உன்னை நான் நம்பவில்லை என்பது உன் குறை. சரி, நம்பாதது என் தப்பு. அந்தத் தப்புக்கு என்னைத் திட்டு, விட்டுப் போ, முகத்தில் முழிக்காதே. அவளை எடுத்துக்கொண்டாயே, அது எந்தக் கணக்கில் சேரும்?

உன் கடிதத்தை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். நான் கொடுத்தால் அது புகார். நீ போய்ச் சொன்னால் அவர்கள் எழுதுவது வேறாக இருக்கலாம். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

அப்பா

*

மே 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனேன். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தனியாகப் போக முடியாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சீட்டையும் காட்டினேன்.

அலுவலர் அம்மா இந்தத் தடவை தலையாட்டவில்லை. நான் பேசி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தார். "அப்பவே தெரிஞ்சுதான் உட்கார்ந்திருந்தியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என்னை "நீங்க" என்றுதான் பேசினார். அவளை என்னிடமிருந்து எடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

உங்கள் விஷயத்தை அப்படியே உடனே மாற்ற முடியாதாம். ஒரு தடவை எழுதியதை மறு விசாரணையில்தான் எடுக்க முடியும். காலியாக இருக்கும் முதல் தேதி அக்டோபர் 11. அதுவரை அதே அறை, அதே ஒரு மணி நேரம், அதே ஆயா. நான் கெஞ்சினேன். கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்றார்.

எனக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை.

ஒரு விஷயம். சொல்லாமல் விட்டால் அதையும் மறைத்தேன் என்று ஆகும். பாப்பா இப்போது நனைந்த உடனே டயப்பரை இழுத்துக் காட்டுகிறாள். அவள் தூங்கி எழுந்ததும் அக்கா குளியலறையில் உட்காரவைக்கிறாள், பாப்பா அங்கேயே போய்விடுகிறாள். பகலில் மூன்று டயப்பர்தான் ஆகிறது. இப்படியே போனால் மழைக்காலத்துக்குள் முழுசாகப் பழகிவிடுவாள் என்கிறாள் அக்கா. அக்டோபரில் அவள் உங்கள் வீட்டுக்கு வரும்போது பையில் துணி இருக்காது என்று நினைக்கிறேன்.

பாப்பாவின் அம்மா

*

மே 7

பாப்பாவின் அம்மாவுக்கு,

நேற்று அந்த அறையில் அவளை மடியில் வைத்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன்.

நீ போய்ச் சொன்னதற்கு நன்றி சொல்ல மாட்டேன். போனாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் அக்காவிடம் சொல்லி, அவளைக் குளியலறையில் உட்காரவைப்பதை அக்டோபர் வரைக்கும் தள்ளிப்போடச் சொல்ல முடியுமா? ஐந்து மாதம்தான். இன்னும் கொஞ்ச நாள் நனைத்துக்கொண்டு இருக்கட்டும். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வருவாள், நான் ஒரே ஒரு தடவை மாற்றிவிடுவேன். இடுப்பில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகு நீங்கள் பழக்கிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்துவிட்டு இதைப் படித்துப் பார்த்தேன். எந்த அப்பன் இப்படிக் கேட்பான் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. வேண்டாம், பழக்குங்கள். குழந்தை ஈரத்தில் இருக்கக் கூடாது. ஆனாலும் கேட்ட வரிகளை அடிக்காமல் அப்படியே விட்டு அனுப்புகிறேன்.

அப்பா